வியாழக்கிழமை வாழ்த்து

கெஃப்லாவிக்
1976 ஜனவரி 18

இல்லுகி,

"அன்புள்ள" என்று எழுதிவிட்டு அடித்துவிட்டேன். தாளை வீணாக்க மனமில்லாமல் அதிலேயே தொடர்கிறேன்.

முந்தாநாள் காலை அமெரிக்கத் தளத்துக்குப் போகும் சாலையை மீனவர்கள் லாரிகளைக் குறுக்கே போட்டு மறித்திருக்கிறார்கள் என்று தெரிந்துதான் வந்தேன். தளத்துச் சமையல்கட்டில் முட்டை பொரிக்கப் போகிறவளை யார் தடுப்பார்கள் என்ற நினைப்பு. ஜனவரி இருட்டு, மணி ஒன்பதாகியும் விடியவில்லை. கார் கண்ணாடி வழியாக என் முகத்தில் கைவிளக்கை அடித்த ஆள் யாரென்று பார்த்தால், நீ. கப்பலிலிருந்து விடுப்பில் வந்தவன் அக்கா வீட்டுக்கு வரவில்லை, அங்கே போய் நிற்கிறாய்.

"திரும்பிப் போங்க. இன்னைக்கு யாரும் உள்ள போகக் கூடாது" என்றாய்.

போங்க! அக்கா என்று ஒரு வார்த்தை வாயில் வரவில்லை. பள்ளியில் விடுவதற்காகப் பின்சீட்டில் உட்கார வைத்திருந்த என் மகள் உன்னூர், "அம்மா, மாமாவுக்கு நம்மள அடையாளம் தெரியலையா?" என்று கேட்டாள். வெளிச்சம் போதவில்லை என்று பொய் சொன்னேன்.

அமெரிக்கனுக்குச் சோறு போடுகிறவள் என்று என்னைப் பற்றி நீ நினைப்பது தெரியும். நமக்குப் பட்டாளம் கிடையாது. இரண்டு லட்சம் பேர் உள்ள தீவு, யார் வந்து ஏறினாலும் கேட்க ஆளில்லை என்றுதான் நாம் அந்த மேற்கத்திய ராணுவக் கூட்டணியில் சேர்ந்தோம், அமெரிக்கனைத் தளம் போட விட்டோம். அதே கூட்டணியில் நமக்குப் பக்கத்து நாற்காலியில் உட்காரும் பிரிட்டன்காரன் நம் கடலில் மீன் அள்ளுகிறான். தடுக்கப் போகும் உன் காவல் கப்பலை அவனுடைய போர்க்கப்பல் வந்து இடிக்கிறது, அமெரிக்கன் பார்த்துக்கொண்டிருக்கிறான். கேட்கவே அசிங்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதையெல்லாம் நானா செய்தேன்? நான் செய்வது கஞ்சி.

சண்டை போடத்தான் உட்கார்ந்தேன். எனக்குப் பயமாக இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். இந்தத் தெருவில் எல்லாப் பெண்களும் அடுப்படி ரேடியோவில் படகுக்காரர்கள் பேசிக்கொள்ளும் அலைவரிசையைத் திருப்பி வைத்திருக்கிறார்கள். யார் எங்கே வலை போட்டான், யாருக்குச் சளி என்பது வரை அவர்களுக்குத் தெரியும். உன் கப்பல் மட்டும் பேசுவதில்லை. இருக்கும் இடத்தைச் சொல்லக் கூடாது என்று உங்களுக்கு உத்தரவு. நானும் அதே ரேடியோ முன்னால் உட்கார்ந்து ஊரான் வீட்டுச் சளியைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

உயிரோடு இருக்கிறாயா என்று மட்டும் எழுது. மன்னிப்பு கேட்க வேண்டாம். கேட்டாலும் தருவதாக இல்லை.

ஸ்வாவா


எஸ்கிஃப்யோர்த்
ஜனவரி 30

அக்கா,

இதோ எழுதிவிட்டேன். அக்கா. இன்னொரு தடவை வேண்டுமானாலும் எழுதுகிறேன். அக்கா.

உயிரோடு இருக்கிறேன். கையெழுத்து மட்டும் கொஞ்சம் கோணல், நீயே பார்க்கிறாய். கப்பல் ஆடுவதால் என்று சொல்லலாம்தான். ஆனால் எங்கள் 'நியோர்த்' மூன்று நாளாக இங்கே கிழக்குக் கரையில் கட்டிக் கிடக்கிறது.

விடுப்பு முடிந்து திரும்பிய ஐந்தாம் நாள் பிரிட்டன் போர்க்கப்பல்காரன் இடித்தான். மேல்தளத்தில் இருப்பவர்களுக்கு அவன் வருவது தெரியும். இயந்திர அறையில் எங்களுக்கு எதுவும் தெரியாது. மேலிருந்து பேசும் குழாயில் கேப்டன் அஸ்மூந்தின் குரல் வரும்: "கீழ இருக்கிறவங்க, பிடிச்சுக்கோங்க!" எதையாவது பிடித்துக்கொள்வோம். பிறகு காத்திருக்க வேண்டும். இடித்த சத்தத்தைவிட அந்தக் காத்திருப்புதான் கொடுமை. எண்ணெய் போடும் பெர்கூர் அந்த நேரத்தில் தன் மாமியாரைப் பற்றி ஏதாவது கதை விடுவான். "என் மாமியார் கோவத்துல கதவைச் சாத்துனா இதைவிடச் சத்தமா இருக்கும்டா" என்பான். நாங்கள் சிரிப்போம். சிரிக்கும்போதும் என் கண் கப்பலின் பக்கச் சுவரிலேயே இருக்கும். விரற்கடை கனமுள்ள இரும்பு. அதற்கு அந்தப் பக்கம் கடல்.

எங்களிடம் இருப்பது என்ன தெரியுமா? முன்தளத்தில் ஒரு பீரங்கி, நம் அப்பாவைவிட வயதானது. பின்னால் கட்டி இழுக்கும் ஒரு இரும்புக் கொக்கி. மீன்படகின் வலைக்கம்பியில் அதைக் கொண்டு போய் மாட்டினால் கம்பி அறுந்து வலை அடியில் போய்விடும். இந்த நாட்டின் மொத்த ராணுவமும் அந்தக் கொக்கிதான். உன் அமெரிக்கர்களிடம் கேட்டுச் சொல், அவர்களுடைய கூட்டாளியைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்ல முடியுமா என்று.

இனி எழுதப் போவதை யாரிடமும் சொல்லாதே. பின்பக்கத்தில் இடதுபுறம் பெரிய விரிசல். ஒட்டுப் போடுகிறார்கள். பிப்ரவரி 12, வியாழக்கிழமை சாயங்காலம் கிளம்புகிறோம். குடாவின் வாயில் தெற்குப் பாறையை ஒட்டியே நழுவி வெளியேறத் திட்டம். இதை எழுதக் கூடாது என்று தெரியும். ஆனாலும் நான் எங்கே இருக்கிறேன் என்று கரையில் ஒரு ஆளுக்காவது தெரிந்திருக்க வேண்டும் போல இருக்கிறது. அது தெரிந்தால்தான் அங்கே கீழே இறங்க முடிகிறது.

உன்னூரிடம் சொல், மாமாவுக்கு அடையாளம் தெரிந்தது என்று.

இல்லுகி


கெஃப்லாவிக்
பிப்ரவரி 6

அன்புள்ள இல்லுகி,

பார், இந்தத் தடவை அடிக்கவில்லை.

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். விரற்கடை கனம் என்று எழுதினாயே, அதைப் படித்த நாளிலிருந்து அடுப்படியில் எந்தத் தகரத்தைப் பார்த்தாலும் அளந்து பார்க்கிறேன். என் கஞ்சிப் பானை அதைவிடக் கனம். 

நீ சொன்னபடி கேட்டேன். சமையல்கட்டுப் பொறுப்பு சார்ஜன்ட் டூலியிடம். நல்ல மனுஷன், தன் மகள்களின் படத்தைத் தினமும் என்னிடம் காட்டுகிறவன். அவன் சொன்னது: "ரெண்டு பேருமே எங்க நண்பருங்க, ஸ்வாவா. நண்பருங்க சண்டையில நாங்க எப்படி நடுவுல வர முடியும்?" நான் கேட்டேன்: "ரஷ்யாக்காரன் வந்து இடிச்சா வருவீங்கல்ல?" "அதுக்குத்தானே இங்க இருக்கோம்!" "அப்போ நாங்க ரஷ்யாக்காரன் வர்ற வரைக்கும் மிதந்துக்கிட்டே இருக்கணும், அப்படித்தானே?" அவன் முகம் சிவந்துவிட்டது. பிறகு எனக்குக் காபி ஊற்றிக் கொடுத்தான். அவனிடம் இருப்பது அதுதான், பாவம்.

கூட்டணியை விட்டே விலகுவோம் என்று நம் மந்திரிகள் பேசுகிறார்கள். சமையல்கட்டில் பாதிப் பேருக்குப் பிரிட்டனிடம் பயம், மீதிப் பேருக்கு ரஷ்யாவிடம் பயம். எனக்கு வியாழக்கிழமையிடம் பயம்.

நீ சொன்னதை யாரிடமும் மூச்சுவிடவில்லை. ஆனால் வியாழக்கிழமை மத்தியானம் கடலோடிகளுக்கான பாட்டு நிகழ்ச்சியைக் கட்டாயம் கேள். நம் ஊரில் கோபம் தீர்ந்தது என்று சொல்ல வேறு வழி ஏது? ரேடியோவில் வாழ்த்து வந்தால்தான் சமாதானம். அட்டை எழுதிப் போட்டுவிட்டேன். பயப்படாதே, நான் ஒன்றும் அசடு இல்லை. உன் பெயரும் போடவில்லை, கப்பல் பெயரும் போடவில்லை. அப்பா படகில் வாசிக்கும் அந்த அக்கார்டியன் பாட்டு வரும்போது உனக்கே தெரியும், யார் அனுப்பியது என்று.

ஸ்வாவா அக்கா


எஸ்கிஃப்யோர்த், மருத்துவமனை
பிப்ரவரி 14

அக்கா,

எனக்கு அடி இல்லை. முதலில் அதைப் படித்துக்கொள். பெர்கூருக்குத் துணையாக இங்கே உட்கார்ந்திருக்கிறேன்.

நிகழ்ச்சியைக் கேட்டேன். சாப்பாட்டு அறையில் எல்லாரும் கருவாட்டில் வெண்ணெய் தடவித் தின்றுகொண்டிருந்தோம். அந்த அறிவிப்பாளர் பெண் சிரித்த குரலில் படித்தாள்: "பின்பக்கம் புதுசா ஒட்டுப் போட்டுக்கிட்டு இன்னைக்குச் சாயங்காலம் எஸ்கிஃப்யோர்த்தில இருந்து கிளம்புற என் தம்பிக்கு, கோபமெல்லாம் போன அக்காவிடமிருந்து."

கப்பல் பெயரைச் சொல்லவில்லை. வேறு எந்தக் கப்பலுக்கு, அக்கா, பின்பக்கம் ஒட்டுப் போட்டிருக்கிறார்கள்? வேறு எந்தக் கப்பல் எஸ்கிஃப்யோர்த்தில் நின்றது?

முதல் இரண்டு வரி பாட்டுக்கு எல்லாரும் மேசையைத் தட்டினார்கள். கேப்டன் எழுந்து போய் ரேடியோவை அணைத்தார். "இது யாரோட அக்கா?" என்று கேட்டார். கத்தவில்லை.  நான் கருவாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

புறப்பாட்டை மறுநாளுக்குத் தள்ளிப் போடலாமா என்று கேப்டன் யோசித்திருக்கிறார். வெளியே நாற்பது படகு நம் மீனை அள்ளிக்கொண்டிருக்கிறது, போகத்தான் வேண்டும் என்று தலைமையகம் சொல்லிவிட்டது. சொன்ன நேரத்துக்கே கிளம்பினோம்.

குடாவின் வாயில், இருட்டில், விளக்கை அணைத்துக்கொண்டு பிரிட்டன்காரன் காத்திருந்தான். எத்தனையோ தடவை இடித்திருக்கிறான், ஒரு தடவையும் அப்படி நேராக வந்ததில்லை. ஒட்டுப் போட்ட இடம் எதுவென்று தேட வேண்டிய அவசியமே அவனுக்கு இல்லை. போன தடவை அவனே இடித்த பின்பக்கம் இடதுபுறம். பெர்கூர் மாமியார் கதையை ஆரம்பித்திருந்தான், முடிக்கவில்லை. தண்ணீர் உள்ளே வந்தது. நான் அதுவரை தண்ணீரைப் பார்த்துப் பயந்ததில்லை அக்கா. அது சத்தமே போடாமல் முழங்கால் வரைக்கும் வந்துவிட்டது. பெர்கூரின் வலது கை இயந்திரத்துக்கும் பெயர்ந்து வந்த இரும்புக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. மூன்று விரல் போய்விட்டது. நான்தான் அவனை இழுத்தேன். இழுக்கும்போது அவன் என்னைப் பார்த்து, "யாருடா அந்த அக்கா?" என்று கேட்டான். வலியில் உளறினானா, தெரிந்து கேட்டானா, தெரியவில்லை. அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

எப்படியோ தண்ணீரை இறைத்துக்கொண்டு திரும்பி வந்துவிட்டோம். விசாரணை வரும் என்கிறார்கள். யார் வந்து கேட்டாலும் உனக்கு எதுவும் தெரியாது என்று சொல்லிவிடு. இந்தக் கப்பலில் இனி என்னால் முடியாது என்று தோன்றுகிறது. யாரைக் கண்டு பயப்படுகிறேன் என்றே புரியவில்லை. கடலையா, கேப்டனையா, பெர்கூரின் கட்டுப் போட்ட கையையா?

உன்மேல் கோபம் இல்லை. எழுதினவன் நான்தான்.

இல்லுகி


கெஃப்லாவிக்
பிப்ரவரி 20

இல்லுகி,

மூன்று விரல். உன்னூருக்குச் சடை பின்னும்போது என் விரலில் மூன்றை மடக்கிப் பின்னிப் பார்த்தேன். முடியவில்லை. அவள், "ஏம்மா இழுக்கிற?" என்று அழுதுவிட்டாள்.

நான் அசடு இல்லை என்று எழுதினேனே, அந்த வரியை நினைத்தால் எங்கேயாவது போய் ஒளிந்துகொள்ளலாம் போல இருக்கிறது. உன்னை ஏமாற்றவில்லை, யாரிடமும் சொல்லவில்லை என்றுதான் மனசார நம்பினேன். தபால் பெட்டியில் அட்டையைப் போட்டபோது எனக்கு அது 'சொல்வது' என்றே தோன்றவில்லை. அது வாழ்த்துதானே! அம்மா நம் அப்பாவுக்கு அனுப்பினாள், நான் என் புருஷன் இருந்த வரைக்கும் அனுப்பினேன். அந்நியன் எவனோ கடலில் உட்கார்ந்து இதைக் கேட்பான் என்று யாருக்குத் தோன்றும்?

நேற்று விசாரணைக்கு இரண்டு பேர் வந்தார்கள். மழைக்கோட்டுகூடக் கழற்றவில்லை. மேசையில் என் அட்டையை வைத்தார்கள், வானொலியில் கொடுத்திருக்கிறார்கள். மறுப்பதற்கு வழியில்லை. "கப்பல் கிளம்புற நேரம் உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது?" என்றார் பெரியவர். படகு அலைவரிசையில் யாரோ பேசியதைக் கேட்டேன் என்று சொன்னேன். உன் பெயரைச் சொல்லவில்லை. அடுத்தவர் குறிப்பேட்டைப் புரட்டிக்கொண்டே, "நீங்க வேலை பாக்கிறது தளத்துலதானே?" என்றார். ஆமாம் என்றேன். "அங்க யார்கிட்டயாவது இதைப் பத்திப் பேசினீங்களா?" இல்லை என்றேன். எழுதிக்கொண்டார். நான் சொன்ன நிஜம் அது ஒன்றுதான், அதைத்தான் அவர் நம்பவில்லை.

இப்போது கடைக்குப் போனால் பேச்சு நிற்கிறது. பிரிட்டனோடு உறவை முறித்துக்கொண்டதாக நேற்றுதான் அரசாங்கம் அறிவித்தது. நாடே கொதித்துக்கொண்டிருக்கிறது. இந்த நேரத்தில் தளத்தில் வேலை பார்க்கிறவள், கப்பல் கிளம்பும் நேரத்தை ஊருக்குச் சொன்னவள் என்றால் என்ன நினைப்பார்கள்? என்னைக் கொண்டு போய்விட்டால் உன்னூர் யாரிடம் இருப்பாள் என்று நினைத்துத் தூக்கம் வரவில்லை.

அதற்காக நீ எதையும் போய்ச் சொல்லித் தொலைக்காதே. நீ வேலையை இழந்தால் நான் பொய் சொன்னது வீண். ஒருத்தி மாட்டினால் போதும்.

அக்கா


எஸ்கிஃப்யோர்த்
மார்ச் 1

அக்கா,

சொல்லிவிட்டேன். திட்டுவதானால் கடைசி வரை படித்துவிட்டுத் திட்டு.

அன்று தளத்துச் சாலையில் உன் முகத்தில் விளக்கை அடித்தபோது யாரென்று அந்த நொடியே தெரிந்தது. அக்கா என்று கூப்பிட்டால் பக்கத்தில் நிற்பவர்களுக்கு என் அக்கா தளத்தில் வேலை செய்கிறாள் என்று தெரிந்துவிடுமே என்று பயந்தேன். அவ்வளவுதான். கொள்கையும் இல்லை, மண்ணும் இல்லை. பிறகு சாப்பாட்டு அறையில் கேப்டன் கேட்டபோது அதே பயம். பெர்கூர் கேட்டபோதும் அதே பயம். உன் கடிதம் வந்தது. அங்கே நீ என் பெயரைச் சொல்லாமல் அந்த இரண்டு பேருக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாய் என்று படித்ததும் எனக்கு என்னையே பிடிக்கவில்லை.

நேற்று எல்லாரும் சாப்பாட்டு அறையில் இருந்தபோது எழுந்து நின்றேன். பெர்கூரும் கட்டோடு வந்திருந்தான். "அந்த அக்கா என் அக்கா. நேரத்தை அவளுக்கு எழுதினவன் நான்" என்றேன்.  மேசையைப் பிடித்துக்கொண்டேன், இடி வரும்போது பிடிப்பது போல.

 கேப்டன் எல்லாரையும் பார்த்துக் கேட்டார்: "வியாழக்கிழமை கிளம்புறோம்னு வீட்டுல சொல்லாதவன் எவன் எவன்? கையத் தூக்குங்க."

ஒரு கை எழவில்லை. சமையல்காரர் தரையைப் பார்த்தார். கேப்டனே கை தூக்கவில்லை. "நானும்தான் சொன்னேன், என் வீட்டுக்காரிகிட்ட" என்றார். "போன்ல. தபாலாபீஸ்ல இருந்து. அங்க போன் போட்டுக் குடுக்கிற பொண்ணு வேற கேட்டுக்கிட்டு இருந்துச்சு."

பெர்கூர் கட்டுப் போட்ட கையைப் பார்த்துவிட்டு, "நான் தூக்கணும்னு நினைச்சாலும் தூக்க முடியாதே, கேப்டன்" என்றான். பிறகு என்னிடம், "என் மாமியாருக்குக்கூடத் தெரியும்டா. உங்க அக்கா பாட்டோட அனுப்புச்சு, அவ்வளவுதான்" என்றான். அக்கா, அங்கேயே அழுதுவிட்டேன். அவன் என்னை மன்னித்துவிட்டானா என்று தெரியாது. கேட்கத் தைரியம் வரவில்லை. விரல் திரும்பி வராது.

கேப்டன் தலைமையகத்துக்குப் பேசிவிட்டார். அந்த இரண்டு பேர் இனி உன் வீட்டுக்கு வர மாட்டார்கள்.

இனி கவனமாகப் படி, படித்ததும் எரித்துவிடு. அவர் சொன்னது இது: "இந்த ஊர்ல ரகசியம் நிக்காது. நின்னதும் இல்ல. அவன் நம்ம ரேடியோவக் கேக்குறான்னு ஆச்சு. நல்லாக் கேக்கட்டும்." நாங்கள் ஒவ்வொருவரும் வீட்டுக்கு எழுதுகிறோம். மார்ச் 11 நிகழ்ச்சிக்கு ஒவ்வொரு வீட்டிலிருந்தும் வாழ்த்து போக வேண்டும். மேற்கே இசாஃப்யோர்த்தில் ஒதுங்கி நிற்கும் மகனுக்கு, புருஷனுக்கு, தம்பிக்கு என்று. அதற்குள் கப்பலைப் பழுதுபார்த்து முடித்துவிடுவார்கள், நாங்கள் அங்கே இருக்க மாட்டோம்.

எங்கே இருப்போம் என்று இந்தத் தடவை எழுதவில்லை. எனக்கே கேப்டன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கரையில் ஒரு ஆளுக்கும் தெரியாமல் கீழே இறங்கப் போகிறேன். அதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.

உன் தம்பி
இல்லுகி


கெஃப்லாவிக்
மார்ச் 12

அன்புள்ள இல்லுகி,

எரிக்கச் சொன்னாய். மனசு வரவில்லை. மாவு டப்பாவுக்கு அடியில் இருக்கிறது. அங்கே உன்னூர்கூடக் கை வைக்க மாட்டாள்.

நேற்று நிகழ்ச்சியைக் கேட்டாயா? இருபத்தாறு வாழ்த்து! இசாஃப்யோர்த்தில் ஓய்வெடுக்கும் செல்ல மகனுக்கு, இசாஃப்யோர்த்தில் பல்வலியோடு இருக்கும் புருஷனுக்கு. பெர்கூரின் மாமியாரும் அனுப்பியிருக்கிறாள். அந்த அறிவிப்பாளர் பெண்ணுக்கே மூச்சு வாங்கியது. என்னுடையது கடைசியில் வந்தது. "இசாஃப்யோர்த்தில் திங்கட்கிழமை வரை நிற்கும் என் தம்பிக்கு." அதே பாட்டு. கடைக்காரி இன்று காலை என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன் தம்பி மேற்கயா இருக்கான்? நல்லது, அங்க ஒதுக்கமா இருக்கும்" என்றாள். ஆமாம் என்றேன். சார்ஜன்ட் டூலி கேட்டான், அவனிடமும் ஆமாம் என்றேன். அவன் சந்தோஷப்பட்டான். நல்ல மனுஷனிடம் பொய் சொல்வது எவ்வளவு சுலபம் என்று தெரிந்துகொண்டேன்.

இன்று மத்தியானச் செய்தியில், கிழக்கே இரண்டு வலையை யாரோ அறுத்துவிட்டார்கள் என்று சொன்னார்கள். எந்தக் கப்பல் என்று சொல்லவில்லை. நீயாக இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். நீயாக இருந்தால் இப்போது அவன் உன்னைத் தேடிக் கிழக்கே திரும்பியிருப்பான். என்னிடம் சொல்லாதே.

இந்தக் கடிதத்தை எங்கே அனுப்புவது என்றே தெரியவில்லை. தலைமையகத்துக்குப் போடுகிறேன். நீ கரைக்கு வரும்போது கொடுப்பார்கள்.

ஒன்று மட்டும் சொல்லிவிட்டு முடிக்கிறேன். ரேடியோவில் கடல் வானிலை சொல்வார்களே, தீவைச் சுற்றிப் பகுதி பகுதியாக. முன்பெல்லாம் நீ இருக்கும் பக்கம் வரும்போது மட்டும் தண்ணீர்க் குழாயை மூடிவிட்டுக் கேட்பேன். அது முடிந்ததும் அணைத்துவிட்டுப் பாத்திரம் கழுவுவேன். மற்றக் கடலில் புயல் அடித்தால் எனக்கென்ன என்று இருந்தேன். இப்போது முதலிலிருந்து கடைசி வரை கேட்கிறேன். ஒரு பகுதியில் காற்று என்று சொன்னாலும் போதும், கையில் எடுத்த பாத்திரம் கையிலேயே இருக்கிறது. இன்று சாயங்காலம் நான்கு பகுதியில் புயல் என்று சொன்னார்கள். நான்கிலும் நீ இருக்கிறாய்.

அக்கா